பிள்ளைகளுக்கான கிளாஸ்கள்: செலவையும் பலனையும் கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிள்ளையைப் பாட்டு, நீச்சல், செஸ், கராத்தே என்று ஏதாவது ஒரு கிளாஸில் சேர்க்கப் போகும் பெற்றோர் முதலில் கேட்பது "ஃபீஸ் எவ்வளவு?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு குடும்பம் உண்மையில் கொடுப்பதில் ஃபீஸ் ஒரு பகுதி மட்டுமே. பல வீடுகளில் அது பெரிய பகுதியும் இல்லை. பெரிய செலவு வார நாள் மாலைகள்தான். யார் கூட்டிக்கொண்டு போவது, யார் காத்திருப்பது, தம்பி தங்கையை எங்கே விடுவது, வீட்டுப்பாடம் எப்போது, படுக்கப் போவது எத்தனை மணிக்கு என்று அது சில்லறை சில்லறையாகப் போவதால் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

பலன் பக்கத்திலும் கணக்கு இதே போலத்தான் தவறுகிறது. "மூளை வளரும்", "கணக்கில் மார்க் ஏறும்" என்று விளம்பரங்கள் அடித்துச் சொல்லும் பலவற்றுக்கு ஆதாரம் மெலிந்தது. யாரும் விளம்பரப்படுத்தாத சில பலன்களோ உண்மையிலேயே கிடைக்கின்றன.

இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பதற்கான வழி கீழே. ஏற்கெனவே மூன்று நான்கு கிளாஸ்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருப்பவர்கள் நேராகப் படி 4-க்குப் போகலாம்.

படி 1: எதற்காக என்று ஒரு வரியில் எழுதுங்கள்

மனதில் நினைத்துக்கொண்டால் போதாது, எழுதுங்கள். "பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது" என்பதுதான் உண்மையான காரணம் என்றால் அதையே எழுதுங்கள். எழுத்தில் பார்க்கும்போது அந்தக் காரணத்தின் கனம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

வழக்கமாக வரும் காரணங்கள் சில: தண்ணீரில் விழுந்தால் தப்பிக்கத் தெரிய வேண்டும், உடம்பு அசைய வேண்டும், பள்ளிக்கு வெளியே நண்பர்கள் வேண்டும், பிள்ளையே ஆசைப்பட்டுக் கேட்கிறது, பெற்றோர் வேலை முடிந்து வரும்வரை பாதுகாப்பான ஓர் இடம் வேண்டும். இதில் கடைசிக் காரணத்தைச் சொல்லப் பலருக்குக் கூச்சம். கூச்சப்பட ஒன்றும் இல்லை, அது முழுக்க நியாயமான காரணம். ஒப்புக்கொண்டால் தேர்வே சுலபமாகிவிடும்: அப்போது ஆசிரியரின் புகழைவிட, இடம் பாதுகாப்பானதா, சொன்ன நேரத்துக்குத் திறக்கிறார்களா, ஆண்டில் எத்தனை நாள் மூடியிருக்கும் என்பவைதான் முக்கியம்.

காரணம் தெரிந்தால் எங்கே நிறுத்தலாம் என்பதும் தெரியும். நீச்சல் பாதுகாப்புக்காக என்றால், ஆழமான தண்ணீரில் விழுந்த பிள்ளை மேலே வந்து, மிதந்து, மூச்சு எடுத்து, கரையைப் பார்த்துத் திரும்பி நீந்தி வந்து சேர்கிறதா என்பதே அளவுகோல். அது வந்துவிட்டால் அந்த வேலை முடிந்தது. அதற்கு மேல் நீச்சல் போட்டிகளுக்குப் போவது வேறு நோக்கம், வேறு செலவு. அதைப் புதிதாக முடிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறோம் என்பதற்காகத் தானாகவே அடுத்த நிலைக்கு நகர்ந்துவிடக் கூடாது.

உடற்பயிற்சிதான் நோக்கம் என்றால் இன்னொரு விஷயம். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம், ஓரளவு மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை சொல்கிறது. வாரத்தில் இரண்டு நாள் கிளாஸ் இதை நிரப்பாது. அந்த இரண்டு மணி நேரத்திலும் பாதி நேரம் பிள்ளை வரிசையில் நின்று தன் முறைக்காகக் காத்திருக்கலாம். தினமும் வெளியே ஓடியாடும் பிள்ளைக்கு, உடம்புக்காக என்று தனியாக ஒரு கிளாஸ் தேவையே இல்லாமல் இருக்கலாம்.

படி 2: வாக்குறுதிகளைச் சலித்துப் பாருங்கள்

இசையில் தொடங்கலாம். 2004-இல் கிளென் ஷெல்லன்பர்க் என்ற ஆய்வாளர் கனடாவில் ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு கீபோர்டு, ஒன்றுக்குப் பாட்டு, ஒன்றுக்கு நாடகம், நான்காவது குழுவுக்கு எதுவும் இல்லை. முடிவில் இசை கற்ற குழந்தைகளின் ஐ.கியூ. சராசரியாக 7 புள்ளி உயர்ந்தது. மற்றவர்களுக்கும் 4.3 புள்ளி உயர்ந்திருந்தது. ஆக, இசையால் வந்த கூடுதல் சுமார் 2.7 புள்ளி. "இசை கற்றால் அறிவு வளரும்" என்று உலகம் முழுக்கப் பரவியதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். அதே ஆய்வில் நாடகம் கற்ற குழந்தைகள் மற்றவர்களோடு பழகும் விதத்தில் முன்னேறினார்கள். அதைப் பற்றி யாரும் அவ்வளவு பேசுவதில்லை.

பிறகு 2020-இல் ஜோவான்னி சாலாவும் ஃபெர்னான்ட் கோபேயும் இத்தகைய 54 ஆய்வுகளை, ஏறக்குறைய 7,000 குழந்தைகளின் தரவுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கும் வேறு ஏதாவது பயிற்சி கொடுத்து, குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, கவனமாக நடத்தப்பட்ட ஆய்வுகளை மட்டும் பார்த்தால் இசைப் பயிற்சியால் படிப்பிலோ நினைவாற்றலிலோ கூடுதல் பலன் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்பது அவர்கள் கண்டது.

செஸ்ஸிலும் இதுவேதான். இங்கிலாந்தில் 100 பள்ளிகளை வைத்து நடத்திய ஒரு பெரிய சோதனையின் முடிவு 2016-இல் வந்தது. 9–10 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்திலேயே 30 வாரம் செஸ் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துக் கணக்கில் சோதித்தபோது, செஸ் கற்றவர்களுக்கும் கற்காதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

சரி, அப்படியென்றால் இசையும் செஸ்ஸும் வீணா? இல்லை. பாட்டு கிளாஸுக்குப் போனால் பாட்டு வரும், செஸ் கிளாஸுக்குப் போனால் செஸ் வரும். அதுவே பெரிய பலன். ஒரு வாத்தியத்தை வாசிக்கத் தெரிந்திருப்பது வாழ்நாள் முழுக்கக் கூட வரும் இன்பம். அதற்குக் கணக்கு மார்க்கின் சிபாரிசு தேவையில்லை. மார்க் குறைவாக இருக்கிறது என்பதுதான் கவலை என்றால் அந்தப் பாடத்தையே உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். சுற்றி வளைத்துப் போகும் வழி அந்த ஊருக்குப் போய்ச் சேருவதில்லை.

நேரடியாகப் பலன் தருபவற்றில் நீச்சலுக்கு முதலிடம் கொடுப்பேன். நீரில் மூழ்கி உலகில் 2021-இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அதில் குழந்தைகளின் பங்கு அதிகம். 1 முதல் 4 வயதுக் குழந்தைகளைப் பற்றி அமெரிக்காவில் 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று, முறையாக நீச்சல் கற்றவர்களுக்கு மூழ்கி இறக்கும் ஆபத்து 88% குறைவாக இருந்ததாகச் சொல்கிறது. சிறிய ஆய்வுதான், துல்லியமான எண் கொஞ்சம் மேலே கீழே இருக்கலாம், திசையில் சந்தேகமில்லை. ஆனால் நீச்சல் தெரிந்த குழந்தையையும் தண்ணீரருகே தனியே விடக் கூடாது.

வளரிளம் வயதில் இன்னொரு பலன் சேர்கிறது: போக ஓர் இடம், தெரிந்த சில பெரியவர்கள், செய்ய ஒரு வேலை. ஐஸ்லாந்தில் 1998-இல் 15–16 வயதினரில் 42% பேர் கடந்த ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையானதாகச் சொன்னார்கள். 2016-இல் அது 5% ஆகிவிட்டது. அந்நாடு செய்தவற்றில் விளையாட்டு, இசை, நடனக் குழுக்களுக்கு அரசு பணம் கொடுத்ததும் ஒன்று. கிளாஸ்களால் மட்டுமே நடந்தது என்று சொல்லிவிட முடியாது: இரவு நேரத்தில் சிறுவர்கள் வெளியே சுற்றுவதற்குக் கட்டுப்பாடு வந்தது, பெற்றோர் பிள்ளைகளோடு அதிக நேரம் செலவிட ஊக்குவிக்கப்பட்டார்கள். இந்தக் கடைசி விஷயத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

படி 3: ஃபீஸ் என்ற எண்ணை விரித்து எழுதுங்கள்

மாத ஃபீஸை 12-ஆல் பெருக்குவதோடு நின்றுவிடாதீர்கள். சேர்க்கைக் கட்டணம், யூனிஃபார்ம், ஷூ, வாத்தியம், மட்டை, புத்தகம், தேர்வுக் கட்டணம், போட்டிக்கான நுழைவுக் கட்டணம், ஆண்டுவிழாவுக்கான உடை, போக்குவரத்து, காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுப்பது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். கராத்தே போன்றவற்றில் பெல்ட் தேர்வு ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் வசூலிக்கும் இடங்கள் உண்டு. கறுப்பு பெல்ட் வரை மொத்தம் எத்தனை தேர்வு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று சேரும் நாளிலேயே கேட்டுவிடலாம். நடனத்தில் மேடை நிகழ்ச்சி வரும் ஆண்டில் செலவு சட்டென்று ஏறும். கால் வளர்கிற பிள்ளைக்கு ஷூ ஆண்டுக்கு ஒருமுறையாவது மாறும். வாத்தியத்தில் சின்ன அளவு, நடுத்தர அளவு, முழு அளவு என்று வருகிறவை உண்டு, வயலின் அப்படித்தான்.

அடுத்து, போகாத நாட்கள். ஒரு எடுத்துக்காட்டு: வாரத்துக்கு 2 கிளாஸ் என்றால் ஆண்டுக்கு 104. கிளாஸ் நடத்துபவரின் விடுமுறை, பள்ளித் தேர்வு, காய்ச்சல், குடும்பப் பயணம் எல்லாம் கழித்து 38 வாரம்தான் போக முடிந்தது என்று வையுங்கள். அது 76 கிளாஸ். மாதம் தவறாமல் ஃபீஸ் கட்டியிருந்தால் 104-க்குப் பணம் கொடுத்து 76-ஐ வாங்கியிருக்கிறீர்கள். ஒரு கிளாஸின் உண்மை விலை நீங்கள் நினைத்ததைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல்.

பெரியவர்களே இதில் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் உடற்பயிற்சிக் கூட உறுப்பினர்களைப் பற்றி 2006-இல் வெளியான ஒரு பிரபலமான ஆய்வில், மாதச் சந்தா கட்டியவர்கள் ஒரு முறை போவதற்கு ஆன செலவு, பத்து முறைக்கான பாஸ் வாங்கியிருந்தால் ஆகியிருப்பதைவிட சுமார் 70% அதிகம். நாம் போகப் போவதை எப்போதும் கூட்டியே மதிப்பிடுகிறோம். அதனால் "ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். முதல் பருவத்துக்கு மாதக் கட்டணமோ கிளாஸ் எண்ணிக்கைக் கட்டணமோதான் லாபம், எண்ணளவில் கூடுதலாகத் தெரிந்தாலும்.

வாத்தியம், சைக்கிள், ராக்கெட் போன்ற விலை அதிகமான பொருட்களை முதல் பருவத்தில் வாங்கவே வேண்டாம். வாடகைக்கு எடுங்கள், இரவல் வாங்குங்கள், பழையதைத் தேடுங்கள். ஒரே விதிவிலக்கு தலைக்கவசம், பாதுகாப்புக் கருவிகள். அவை அளவுக்குச் சரியாகவும் அடிபடாதவையாகவும் இருக்க வேண்டும்.

படி 4: மாலைகளை எண்ணுங்கள்

ஒரு மணி நேர கிளாஸ் ஒரு மணி நேரம் எடுப்பதில்லை. உடை மாற்றிப் பையை எடுத்துக் கிளம்ப 15 நிமிடம், போக 25, வர 25, முடிந்தபின் பேச்சு, காத்திருப்பு என்று 10. கூட்டினால் 2 மணி 15 நிமிடம். வாரத்துக்கு இரண்டு முறை, ஆண்டுக்கு 38 வாரம் என்றால் 171 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் 21 நாள். கூட்டிக்கொண்டு போகும் பெரியவர் தன் வாழ்க்கையிலிருந்து ஆண்டுக்கு 21 வேலை நாட்களை எடுத்து இதற்குக் கொடுக்கிறார்.

அந்தப் பெரியவர் யார் என்பதையும் தாளில் எழுதுங்கள். பல வீடுகளில் பேசாமலே அது அம்மாவின் வேலையாகிவிடுகிறது. முன்கூட்டியே வேலையிலிருந்து கிளம்ப வேண்டியிருப்பதும், மாலைநேரக் கூட்டங்களைத் தவிர்ப்பதும், வந்த வாய்ப்பை வேண்டாம் என்பதும் எந்த ரசீதிலும் வராத செலவு. இருவர் பகிர்ந்துகொள்ள முடியாத கிளாஸ் என்றால் அந்தக் கிளாஸின் விலை வேறு.

இனி பிள்ளையின் பக்கம். 6 முதல் 12 வயதுக்கு ஒரு நாளைக்கு 9–12 மணி நேரத் தூக்கம் வேண்டும், 13 முதல் 18 வயதுக்கு 8–10 மணி நேரம் என்பது அமெரிக்க உறக்க மருத்துவ வல்லுநர்கள் 2016-இல் ஒருமித்துச் சொன்ன அளவு. எட்டு வயதுப் பிள்ளையின் ஒரு பள்ளி நாளை எடுத்துக்கொள்ளுங்கள்: தூக்கம் 10 மணி நேரம், போக வரச் சேர்த்துப் பள்ளி 8, குளியல், சாப்பாடு, கிளம்புதல் 2½, வீட்டுப்பாடம் 1. மிச்சம் 2½ மணி நேரம். நாம் மேலே கணக்கிட்ட கிளாஸ் 2 மணி 15 நிமிடம். அதாவது, கிளாஸ் உள்ள நாளில் அந்தப் பிள்ளைக்கென்று மிஞ்சுவது கால் மணி நேரம். அது கொஞ்சம் நீண்டுவிட்டால் வீட்டுப்பாடத்திலோ தூக்கத்திலோதான் கைவைக்க வேண்டும்; பெரும்பாலும் தூக்கத்தில்.

இசை, நடனம் போன்றவற்றுக்கு வீட்டுப் பயிற்சி நேரமும் சேரும். தினமும் 20 நிமிடம் என்றால் அது வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். அதோடு "பிராக்டிஸ் பண்ணினியா?" என்று தினமும் கேட்கும் அலுப்பு இருவருக்கும். பரிசு காட்டிப் பயிற்சி செய்ய வைப்பது முதலில் வேலை செய்வது போலத் தெரியும். ஆனால் 1973-இல் நடந்த ஒரு பெயர்பெற்ற சோதனையில், படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய சின்னக் குழந்தைகளிடம் "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டிச் சொன்னார்கள். பிறகு பரிசு இல்லாத நேரத்தில் அவர்கள் வரைய எடுத்துக்கொண்ட நேரம் மற்ற குழந்தைகளுடையதில் பாதி அளவுக்குக் குறைந்தது. விருப்பம் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் லஞ்சம் கொடுக்காதீர்கள்.

படி 5: எத்தனை கிளாஸ் என்று முடிவு செய்யுங்கள்

இதில் ஆராய்ச்சிகள் முதல் பார்வைக்கு முரண்படும். 2006-இல் ஜோசஃப் மஹோனியும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்கப் பிள்ளைகளின் நேரத்தை ஆராய்ந்து, இத்தகைய செயல்பாடுகளில் அவர்கள் செலவிடுவது சராசரியாக வாரத்துக்கு 5 மணி நேரம்தான் என்றும், எதிலுமே சேராதவர்களைவிடச் சேர்ந்தவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். 2024-இல் கரோலினா கேட்டானோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் வேறொரு கேள்வி கேட்டார்கள்: ஏற்கெனவே இருப்பதற்கு மேல் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்தால் என்ன ஆகும்? வீட்டுப்பாடம், டியூஷன், கிளாஸ்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கணக்கிட்டார்கள். அந்தக் கடைசி மணி நேரத்தால் படிப்புத் திறனில் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. பிள்ளையின் மனநலனுக்கோ அது கெடுதல், அதிலும் உயர்நிலைப் பள்ளி வயதில்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண்பாடு இல்லை. முதல் சில மணி நேரங்கள் நல்லது. அதற்கு மேல் சேர்ப்பவை தூக்கத்தையும் விளையாட்டையும் நண்பர்களையும் உங்களோடு சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தையும் தின்றுதான் வருகின்றன. ஐஸ்லாந்தில் பெற்றோரோடு இருக்கும் நேரமும் மருந்தின் ஒரு பகுதியாக இருந்தது என்று சொன்னேன் அல்லவா? அந்த நேரத்தை விற்று இன்னொரு கிளாஸ் வாங்குவது நஷ்டம். ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று 1989-இல் ஐ.நா. நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு சொல்கிறது.

என் பரிந்துரை: ஆரம்பப் பள்ளி வயதில் ஒரு பிள்ளைக்கு ஒரே நேரத்தில் அதிகபட்சம் இரண்டு, அதில் ஒன்று உடம்பு அசைவது. வாரத்தில் குறைந்தது இரண்டு பள்ளி நாள் மாலைகள் முழுக்கக் காலியாக இருக்கட்டும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் மொத்த மாலைகளையும் சேர்த்து எண்ணுங்கள். மூத்தது போகிற கிளாஸின் வாசலில் உட்கார்ந்தே இளையதன் பாதிக் குழந்தைப் பருவம் கழிவது நியாயமில்லை. முடிந்தால் இருவருக்கும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கிடைப்பதைத் தேடுங்கள். கொஞ்சம் சுமாரான கிளாஸாக இருந்தாலும் பரவாயில்லை.

அருகில் இருக்கும் நடுத்தரமான கிளாஸ், தூரத்தில் இருக்கும் பிரமாதமான கிளாஸைவிட மேல். தொடக்க நிலையில் இதற்கு விதிவிலக்கு மிகவும் குறைவு.

படி 6: சேரும் முன் ஒரு முழு கிளாஸ் உட்கார்ந்து பாருங்கள்

டெமோ கிளாஸ் போதாது, அது காட்டுவதற்காக நடத்துவது. சாதாரண நாள் ஒன்றில் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில் சேர்க்காதீர்கள். பெரியவர் ஒருவரோடு குழந்தை மூடிய அறையில் தனியே இருக்கும்படியான ஏற்பாடு எதற்கும் சம்மதிக்காதீர்கள், அவர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும்.

உட்கார்ந்து பார்க்கும்போது நன்றாகச் செய்யும் பிள்ளையைப் பார்க்காதீர்கள். தடுமாறும் பிள்ளையிடம் ஆசிரியர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள். உங்கள் பிள்ளை முதல் மூன்று மாதம் அந்த இடத்தில்தான் இருக்கப் போகிறது.

கேட்க வேண்டியவை: ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், உண்மையில் கற்றுக்கொடுப்பது யார் (பெயர் ஒருவருடையது, வகுப்பு எடுப்பது உதவியாளர் என்பது நிறைய நடக்கும்), தவறிய கிளாஸுக்கு மாற்று உண்டா, இடையில் நின்றால் பணம் திரும்புமா, அடிபட்டால் முதலுதவி யார் செய்வார்கள். பணம் சம்பந்தப்பட்ட பதில்களை ஒரு மெசேஜாகவாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 7: முடிவுத் தேதியோடு சேருங்கள்

"பிடிக்கும் வரை போ" என்றோ "சேர்ந்தால் விடக் கூடாது" என்றோ சொல்வதைவிட, "இந்தப் பருவம் முடியும்வரை போகிறோம், அப்புறம் உட்கார்ந்து பேசுவோம்" என்பது இருவருக்கும் சுலபம். பத்துப் பன்னிரண்டு வாரம் சரியான அளவு. முதல் மாதத்தின் தயக்கம் தீர்ந்து, கொஞ்சம் கை பழகி, பிடிக்கிறதா இல்லையா என்று சொல்லும் நிலைக்கு வர அவ்வளவு நாள் வேண்டும்.

நடுவில் பிள்ளை "போக மாட்டேன்" என்றால் எது பிடிக்கவில்லை என்று கண்டுபிடியுங்கள். கிளம்பும் நேரத்தில் அழுது, திரும்பும்போது சிரித்துக்கொண்டு வந்தால் பிரச்சினை கிளாஸில் இல்லை, நடந்துகொண்டிருக்கும் விளையாட்டைப் பாதியில் நிறுத்துவதில் இருக்கிறது. நேரத்தை மாற்றிப் பாருங்கள். திரும்பும்போதும் வாடி வந்தால், வயிற்றுவலி கிளாஸ் நாட்களில் மட்டும் வந்தால், ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயரைக் கேட்டதும் பேச்சு நின்றால் முடிவுத் தேதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டிய பணத்தைப் பற்றி அப்போது ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். போன பணம் போனதுதான், பிள்ளையை இன்னும் பத்து வாரம் அனுப்புவதால் அது திரும்ப வராது.

படி 8: "உங்க பிள்ளைகிட்ட திறமை இருக்கு" என்று கோச் சொன்னால்

குடும்பக் கணக்குகள் பெரிதாகப் புரளும் இடம் இதுதான். வாரம் இரண்டு நாள் என்பது ஐந்தாகும், போட்டிகளுக்கான பயணம் வரும், தனிப்பயிற்சி வரும், வார இறுதிகள் காணாமல் போகும். ஒரே நாளில் தலையாட்ட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

முதலில், திறமை என்று தெரிவது சில நேரம் வயதாக இருக்கும். 1985-இல் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களை ஆராய்ந்த ரோஜர் பார்ன்ஸ்லி, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அணிகளில் மிக அதிகமாக இருப்பதைக் கண்டார். வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துப் பிரிக்கப்பட்டதுதான் காரணம்: எட்டு வயதில் பத்து மாதம் மூத்த பிள்ளை உயரமும் வேகமும் கூடுதலாகவே இருக்கும். உங்கள் பிள்ளை தன் பிரிவில் மூத்ததா இளையதா என்று பாருங்கள். இளையதாக இருந்து பின்தங்கினால், அது திறமைக் குறைவு என்று அவசரப்பட்டு முடிவு கட்டவும் வேண்டாம்.

இரண்டாவது, சீக்கிரம் தொடங்கி ஒன்றையே பிடித்துக்கொள்வதுதான் உச்சிக்கு வழி என்ற நம்பிக்கை விளையாட்டில் பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. ஆர்னே கூலிச்சும் சக ஆய்வாளர்களும் 2022-இல் 6,000-க்கும் மேற்பட்ட விளையாட்டு வீரர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தார்கள். உலகத் தரத்தை எட்டிய பெரியவர்கள், அதற்குச் சற்றுக் கீழே நின்றவர்களைவிடச் சிறுவயதில் பல விளையாட்டுகளை விளையாடியவர்கள், தங்கள் முதன்மை விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கியவர்கள், ஆரம்பத்தில் மெதுவாக முன்னேறியவர்கள். பெரும்பாலான விளையாட்டுகளில் 15–16 வயது வரை ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே நல்லது, வாரத்துக்கு ஒன்றிரண்டு நாளும் ஆண்டில் மொத்தம் மூன்று மாதமும் அந்த விளையாட்டிலிருந்து ஓய்வு வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-இல் அறிவுறுத்தியது. நார்வேயில் 13 வயதுக்கு முன் தேசியப் போட்டிகளே கிடையாது. அந்தச் சின்ன நாடுதான் குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கப் பட்டியலின் உச்சியில் நிற்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. டிராவிஸ் டார்ஷ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், குடும்ப வருமானத்தில் எவ்வளவு பெரிய பங்கு பிள்ளையின் விளையாட்டுக்குப் போகிறதோ அவ்வளவு பெற்றோரின் அழுத்தத்தைப் பிள்ளைகள் உணர்ந்தார்கள். அழுத்தம் கூடக்கூட விளையாட்டில் இன்பம் குறைந்தது. கவனியுங்கள், தொகை அல்ல, வருமானத்தில் அதன் பங்கு. கஷ்டப்பட்டுக் கட்டும் பணம் பேச்சில் வராவிட்டாலும் முகத்தில் தெரிந்துவிடுகிறது. ஆகவே வருமானத்தில் எல்லாப் பிள்ளைகளின் கிளாஸ்களுக்கும் சேர்த்து இவ்வளவு சதவீதம்தான் என்று ஓர் எல்லையை முன்பே வைத்து, அதைத் தாண்டினால் ஒன்றைக் குறையுங்கள். இதற்காகக் கடன் வாங்காதீர்கள். எதிர்காலத்தில் வரப்போகும் உதவித்தொகையை நம்பியும் செலவு செய்யாதீர்கள்.

கை இறுக்கமாக இருந்தால்

பள்ளியிலேயே நடக்கும் மன்றங்களும் விளையாட்டுகளும்தான் முதல் தேர்வு: போக்குவரத்து இல்லை, நண்பர்களும் அங்கேயே இருக்கிறார்கள். பொது நூலக நிகழ்ச்சிகள், உள்ளாட்சி நடத்தும் நீச்சல் குளங்கள், ஒரு திறமை தெரிந்த உறவினர், நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆசிரியரை அமர்த்துவது என்று வழிகள் இருக்கின்றன. கட்டணச் சலுகை உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். பலகையில் எழுதாமல் கொடுக்கும் இடங்கள் உண்டு. ஒன்றுக்கு மட்டும்தான் பணம் இருக்கிறது, பிள்ளைக்கு நீச்சலும் தெரியாது என்றால், அந்த ஒன்று நீச்சலாக இருக்கட்டும்.

படி 9: பருவ முடிவில் தாளை எடுங்கள்

படி 1-இல் எழுதிய வரி நிறைவேறியதா? படி 3-இல் போட்ட கணக்கும் உண்மையில் ஆன செலவும் எவ்வளவு வித்தியாசம்? பிள்ளை கிளாஸ் இல்லாத நாளில் தானாகவே அதைச் செய்கிறதா: பாடுகிறதா, பந்தை எடுக்கிறதா, செஸ் போர்டை விரிக்கிறதா? இந்த மூன்றாவது கேள்விக்கு "ஆமாம்" என்றால் மற்ற இரண்டும் சுமாராக இருந்தாலும் தொடரலாம்.

நிறுத்துவது என்று முடிவானால் அடுத்த ஃபீஸ் தேதிக்கு முன்பே எழுத்தில் தெரிவியுங்கள், முன்பணம் ஏதாவது இருந்தால் அப்போதே கேளுங்கள், நல்ல நிலையில் இருக்கும் யூனிஃபார்மையும் கருவிகளையும் அடுத்த பேட்ச் பெற்றோரிடம் கொடுத்துவிடுங்கள். பிள்ளை நேரில் போய் ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வரட்டும். சொல்லாமல் நின்றுபோனால் பிறகு அந்தப் பக்கமே போகக் கூச்சப்படும். காலியான மாலையில் உடனே இன்னொரு கிளாஸைப் போடாமல் ஒரு மாதமாவது அப்படியே விட்டுவையுங்கள். முதல் இரண்டு வாரம் "போர் அடிக்குது" என்று வரும். அதற்கப்புறம் பிள்ளை தானாக எதில் போய் உட்காருகிறது என்று பார்த்து, அடுத்த தாளின் முதல் வரியை அதை வைத்து எழுதுங்கள்.